என்ஜின் சத்தத்தில் தூங்கியவர்

அந்தக் கம்பளியில் ஒரு புலி இருக்கும். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெட்டிமேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவார்களே, மெத்தை மாதிரிக் கனமான கம்பளி, அதுதான். தேரா கடைத்தெருவில் ஒரு காயல்பட்டினத்துக்காரர் கடையில் மச்சான் வாங்கியது. ஆனால் அதைப் போர்த்திக்கொண்டு அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. நான்காக மடித்து, எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் சீட்டை ஒட்டி என்ஜினை மூடியிருக்கிற தகரப் பெட்டியின்மேல் புலி முகம் மேலே தெரியும்படி போடுவார். காலிப் பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருவார். இரண்டு கைகளையும் புலிமேல் வைத்து, கைகள்மேல் இடது காதை வைப்பார். நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் கேட்டை வண்டி தாண்டுவதற்குள் தூங்கிப்போயிருப்பார். அவருடைய எச்சிலும் டீசலும் சேர்ந்து புலியின் கண்ணுக்குக் கீழே ஒரு கறை விழுந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்குப் புலி அழுகிற மாதிரி இருக்கும்.

மச்சான் என்றால் என் கூடப்பிறந்த அக்காவின் கணவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, எந்த வேலையிலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு விசா எடுத்து ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டவர் அவர். இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த ஊர்களில் எங்கே பார்த்தாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கட்டடக் கம்பெனியில் அவருக்கு பிரேக்கர் வேலை. கான்கிரீட்டைக் குடைந்து உடைக்கிற மிஷினை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பொழுதுக்கும் நிற்க வேண்டும். எனக்கு அவர் உடைத்துப் போட்டதை அள்ளுகிற வேலை. காதில் வைத்துக்கொள்ள மஞ்சள் நிறத்தில் பஞ்சு கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டால் மிஷின் எப்போது கம்பியில் மோதுகிறது என்பது தெரியாது, கை போய்விடும் என்பார் அவர். நானும் சட்டைப் பையில்தான் போட்டு வைத்திருந்தேன்.

அறந்தாங்கிப் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கிற பேண்டு செட் ஒன்றில் அவர் இளவயதில் பெரிய டிரம் அடித்தவர். இந்த விஷயம் கேம்ப்பை மேற்பார்க்கிற கேம்ப் பாஸ் காதுக்குப் போய்விட்டது. கம்பெனி முதலாளியான அரபிக்கோ, தேசிய தின ஊர்வலத்தில் தன் ஆட்கள் கொட்டு முழக்கத்தோடு போக வேண்டும் என்று ஆசை. டிரம்கள் வந்து இறங்கின. எங்கள் பிளாக்கில் தாளம் பிடிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரையும் சேர்த்து மச்சான் ஒரு செட்டை உண்டாக்கினார். எனக்கு ஜால்ராவைக் கொடுத்தார். அவர் பக்கத்திலேயே நான் நின்று தட்ட வேண்டும். "மச்சானுக்கு மாப்ள ஜால்ரா போடாம வேற யாருடா போடுவா" என்று கேலி செய்யாத ஆள் இல்லை. தேசிய தினம் முடிந்த பிறகு செட்டை யாரும் கலைக்கவில்லை. கடைத் திறப்பு, விளையாட்டு விழா, ஓணம் என்று கேட்கிற இடத்துக்கெல்லாம் கேம்ப் பாஸ் எங்களை அனுப்பினார். அங்கே ஓணம் நாலைந்து மாதம் நடக்கும். வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் பஸ்ஸில் ஏறினால், வெள்ளிக்கிழமை ராசல் கைமா, அல் ஐன், புஜைரா என்று ஏதாவது ஓர் ஊரில் அடித்துவிட்டு, சனிக்கிழமை நேராக சைட்டில் வந்து இறங்குவோம். இடையில் கிடைக்கிற தூக்கமெல்லாம் அந்த பஸ்ஸில்தான்.

நல்ல சீட்டுகள் டிரம்களுக்கு. வண்டிக்கு அடியில் போட்டால் சூட்டில் தோல் விட்டுப்போகும் என்று பின்னால் இருந்த நீள சீட்டில் பெரிய டிரம்மைப் படுக்கவைத்து, கயிறு போட்டுக் கட்டி, துண்டால் போர்த்தியும் விடுவோம். ஆட்கள் நடைபாதையில் அட்டைப் பெட்டியை விரித்துப் படுப்பார்கள். ஒருவன் கால் இன்னொருவன் முகத்தில் கிடக்கும். யாராவது எழுந்து ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் அத்தனை பேரையும் மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும், அத்தனை பேரும் அவன் குடும்பத்தையே விசாரித்துத்தான் விடுவார்கள். நான் மட்டும் தூங்க மாட்டேன். பஸ்ஸில் எல்லாரும் தூங்கிவிட்டால் டிரைவருக்கும் தூக்கம் வந்துவிடும் என்று எனக்குப் பயம். அந்த ரோடுகள் வளைவே இல்லாமல் கோடு போட்ட மாதிரிப் போகும். பெஷாவர்க்காரரான டிரைவர் பாயின் கண்களைக் கண்ணாடியில் பார்த்தபடியே வருவேன். "ஏன் முழிக்கிறே? நான் ஓட்டுறேன், நீ தூங்கு" என்று அவர் உருதுவில் அதட்டுவார். எனக்குக் கண் மூடாது. அப்படி முழித்துக்கொண்டு வந்ததால்தான் மச்சான் தூங்குவதை அத்தனை நாளும் பார்த்தேன்.

அவரைக் கூப்பிட்டு எழுப்ப முடியாது. ஆரம்பத்தில் எல்லாரும் கத்திப் பார்த்துவிட்டு, "கும்பகர்ணன்டா சாமி" என்று விட்டுவிட்டார்கள். தகரப் பெட்டியை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினால் போதும் என்று நான்தான் கண்டுபிடித்தேன். தட்டியதும் விலுக்கென்று நிமிர்வார். கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே, அந்தக் கட்டைக் குரலில், "கேம்ப் வந்துருச்சா மாப்ள?" என்பார். ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான். நட்டநடு வழியில் டீக்குடிக்க நிறுத்தி எழுப்பினாலும் அதையேதான் கேட்பார்.

பஸ்ஸில் இப்படித் தூங்குகிற மனிதர் ரூமில் தூங்குவதே இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்கு மேல் கட்டில் எனக்கு. கீழே அவர் கட்டில் ஓயாமல் கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும். குனிந்து பார்த்தால் உட்கார்ந்திருப்பார். ஊரில் ஏதாவது பிரச்சினையா, வேலையில் ஏதாவது ஆகிவிட்டதா என்று யோசித்துக்கொண்டே படுத்திருப்பேன். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"காதுக்குள்ள ஒரு சில்வண்டு குடியிருக்கு மாப்ள. ரூம்ல சத்தம் அடங்குச்சோ இல்லையோ, அது ஆரம்பிச்சிரும். விடியிற வரைக்கும் ஒரே சுருதி. பஸ்ஸுல எஞ்சின் ஓடுனா மட்டுந்தான் வாய மூடிக்கிட்டுக் கெடக்கும்."

"பிரேக்கரும் டிரம்மும் சேர்ந்து காதக் கெடுத்திருச்சு மச்சான். டிரம்மையாவது விடுங்க."

"டிரம்ம விட்டுட்டா என்னைய எவன் பஸ்ஸுல ஏத்துவான்?" என்று சிரித்தார்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சைட்டுக்குப் போகிற பயணம் கால் மணி நேரம்கூட இருக்காது. அதில் என்ன தூங்குவது? நீண்ட பயணம் வேண்டுமென்றால் டிரம் அடிக்க வேண்டும். டிரம் அடித்தால் வண்டு இன்னும் கொஞ்சம் பெருக்கும். பெருத்த வண்டை அடக்க அடுத்த வாரம் பஸ் வேண்டும். இப்போது எழுதும்போது எனக்கு இது கிணற்றைச் சுற்றி ஓடுகிற மாதிரித் தெரிகிறது. அன்றைக்கு அவருக்கு அது ஒரு நல்ல தூக்கம், அவ்வளவுதான்.

அக்காவின் போன்தான் எனக்கு முதலில் கிலியைக் கிளப்பியது. மச்சான் கடைசியாக லீவில் போயிருந்தபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி வந்த பிறகுதான் அது பேச ஆரம்பித்தது. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதாள். "ஏன்டா தம்பி, ஒங்க மச்சானுக்கு நான் பேசுறது புடிக்கலையா? சாப்புட்டீங்களான்னு கேட்டா 'ஆமா ஆமா, நாளைக்கு'ங்கிறாரு. புள்ளைக்குக் காய்ச்சல்ங்கிறேன், 'சரி, சந்தோசம்'ங்கிறாருடா. அங்க வேற ஏதும் பழக்கம் வந்துருச்சா? மறைக்காமச் சொல்லு."

அவரிடம் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். "நீ பேசுறது கேக்குது மாப்ள. டிரைவர் பாய் பேசுறது கேக்குது. கேம்ப் பாஸ் திட்டுறது ஒரு எழுத்து விடாமக் கேக்குது. ஒங்கக்கா கொரலுதான் கேக்கல. மெலிசா வர்ற கொரலு எதுவுமே எனக்கு வரல. போனுக்குள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு, அவ்வளவுதான். புள்ள அழுதத நான் கேட்டுருக்கேன். பேசுனதக் கேட்டதில்ல."

அவர் அனுமதி கொடுத்த பிறகு அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். அடுத்த நாள் அவளே கூப்பிட்டு, "நீ பக்கத்துல இருந்து எடுத்துச் சொல்லுடா" என்றாள். அதிலிருந்து போன் வந்தால் காதில் வைப்பவன் நான். அக்கா சொல்வதை நான் மச்சானிடம் சொல்வேன். கணவன் மனைவி பேச்சு, சில இடங்களில் நான் விழுங்கிவிடுவேன். அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சிரிப்பார். குழந்தை சொல்வதையும் நான்தான் சொல்ல வேண்டும். "அப்பா, காக்கா என் முறுக்கத் தூக்கிட்டுப் போயிருச்சு" என்று, மீசை வைத்த நான், என் தடித்த குரலில் சொல்வேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். மகளின் பேச்சு அவருக்கு என் குரலில்தான் போய்ச் சேர்ந்தது.

புஜைராவில் ஒரு பெரிய கடை திறந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மதியத் தொழுகைக்குப் பிறகு ஆரம்பித்து ஒரு மூச்சு அடித்துவிட்டு, மலைப் பாதை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். வெயில் சாய்ந்த நேரம், இரண்டு பக்கமும் புல்கூட இல்லாத பழுப்பு மலைகள். பின்னால் எல்லாரும் குறட்டை. என் போன் அடித்தது. அக்கா. "இவ காலையிலேருந்து ஒரே அழும்பு. அப்பாகிட்ட நானே பேசுவேன், மாமா சொல்லக் கூடாதுங்கிறா." மச்சானைத் தட்டி எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் டிரைவர் பக்கம் திரும்பி, "பாய், காடி பந்த் கரோ" என்றார்.

டிரைவர் பாய் வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அணைத்தார். சத்தத்தில் தூங்குகிறவர்களை அமைதிதான் எழுப்பும் போலிருக்கிறது. ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து, என்ன ஆச்சு, பஞ்சரா என்று கேட்டார்கள். "மச்சான் மக பேசப் போறா" என்றேன். அவ்வளவுதான், ஒருவரும் அசையவில்லை. எத்தனையோ பேருக்கு ஊரில் அந்த வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் புலியின் நெற்றியில் வைத்தேன். மச்சான் குனிந்து காதை அதன்மேல் வைத்தார்.

"அப்பா, ஒங்கிட்ட ஒரு புலி இருக்காமே? அது கடிக்குமா?"

பஸ்ஸே சிரித்தது. ஒரு நொடி கழித்து மச்சானும் சிரித்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. குழந்தை பதிலுக்குக் காத்திருந்தது. "கடிக்குமாப்பா?" மச்சான் காதை இன்னும் அழுத்தி வைத்தார். "அப்பா, ஏம்ப்பா பேச மாட்டேங்கிற?" யாரோ பின்னாலிருந்து, "சொல்லுங்க மச்சான், புள்ள கேக்குதுல்ல" என்றார்கள். அவர் என் வாயைப் பார்த்தார். நான் அவர் காதருகே போய், "புலி கடிக்குமான்னு கேக்குறா" என்றேன்.

"கடிக்காது தாயி!" என்று அவர் மலைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். "அது சும்மா தூங்குற புலி!"

எல்லாரும் கை தட்டினார்கள். "என்னமா பேசுறா" என்று அவரிடம் சொன்னார்கள். "ஆமா, அழகாப் பேசுறா" என்று அவரும் சொன்னார். வண்டி கிளம்பியது. கம்பளி இருந்தது, என்ஜின் ஓடியது. ஆனால் அவர் தலை சாய்க்கவில்லை. அந்த பஸ்ஸில் அவர் விழித்துக்கொண்டு வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எப்புடி மாப்ள இருக்கு அவ கொரலு?" என்றார் கொஞ்ச தூரம் போனதும்.

"கணீர்னு இருக்கு மச்சான். சைக்கிள் மணி மாதிரி."

"சைக்கிள் மணியா..." என்று இழுத்தார். "அது எப்புடி இருக்கும்னு எனக்கு மறந்துபோச்சே."

அடுத்த வியாழக்கிழமை அவர் பஸ்ஸில் ஏறவில்லை. கேம்ப் பாஸ் ரூமுக்கே வந்து குதித்தார். "பெரிய டிரம் இல்லாம என்னய்யா பேண்டு?" மச்சான் கையெடுத்துக் கும்பிட்டு, "கலாஸ் பாய். காது கலாஸ்" என்றார். முடிந்துபோனது என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கொஞ்ச நாள் அடிக்காமல் இருந்தால் காது திரும்பிவிடும், ஊருக்குப் போவதற்குள் பிள்ளை குரலைப் பிடித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நானும் நம்பினேன். ஆனால் பஸ் இல்லாமல் தூக்கம் இல்லை. கண் உள்ளே போய்விட்டது. பிரேக்கரைப் பிடித்தபடியே சாய்ந்துவிடுவாரோ என்று நான் அள்ளுகிற வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் ஷார்ஜா ரோலாவில் ஒரு மலையாளி டாக்டரிடம் கூட்டிப்போனேன். காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, கருவி வைத்துச் சோதித்து, போனது போனதுதான், இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பொறுமையாக, கட்டைக் குரலில்தான் சொன்னார். மச்சானுக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது.

விசாவைக் கேன்சல் செய்துகொண்டு அந்த வெயில் காலத்திலேயே ஊருக்குப் போனார். கம்பளியைப் பெட்டிமேல் நான்தான் கட்டிக் கொடுத்தேன்.

பிறகு நடந்தவை அக்கா சொல்லித் தெரிந்தவை. ஊரில் ராத்திரிகள் இன்னும் அமைதியாக இருந்தன. வண்டு இன்னும் நன்றாகப் பாடியது. அந்தச் சத்தத்திலாவது அவர் தூங்கட்டும் என்று கிரைண்டரில் தண்ணீரை ஊற்றி அக்கா சும்மா ஓடவிடுவாளாம். மாவு எதற்கு இத்தனை அரைக்கிறாள் என்று தெருவே கேட்டது. பகலில் அவர் டவுன் பஸ்ஸில் ஏறி, டிரைவர் பக்கத்தில் கம்பளியைப் போட்டுத் தூங்கியபடியே அறந்தாங்கிக்கும் ஊருக்குமாகப் போய் வருவார். பஸ்காரர்கள் பழகிவிட்டார்கள்.

குழந்தைதான் ஒடுங்கிப்போனது. புலியோடு வந்த அப்பா தன்னிடம் பேசவே மாட்டேன் என்கிறாரே என்று. கூடவே பஸ்ஸில் போய் வருவாள். ஒரு நாள் வாசலில் கண்டக்டர் விளையாட்டு விளையாடியிருக்கிறாள். தொண்டையை அடைத்துக்கொண்டு, அந்தக் கண்டக்டர் மாதிரியே கட்டையாக, "போலாம் ரைட்டு!" என்று கத்தியிருக்கிறாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான் தலையைத் திருப்பினாராம். அவள் மறுபடி சொன்னாள். சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தார். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் அந்தக் குரலில்தான் பேசினாள். பேசிப் பேசி அதுவே அவள் குரலாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டிராக்டர் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பாட்டுப் போட்டியில் சேர்க்கவில்லை. "ஆம்பள மாதிரி பேசாதடி, எவன் கட்டுவான்" என்று சொந்தக்காரர்கள் திட்டினார்கள். அவள் மாற்றிக்கொள்ளவில்லை. சைக்கிள் மணி மாதிரி இருந்த குரலை மலைப் பாதையில் கேட்ட எங்களைத் தவிர, இங்கே யாருக்கும் அது நினைவில்கூட இல்லை.

கான்கிரீட் தூசி நுரையீரலில் தங்கியிருந்தது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நான் ஊரோடு வந்துவிட்ட பிறகு, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் நான் இருந்தேன். மூச்சுக்கு இழுத்துக்கொண்டு, தூக்கமும் வராமல், என்னைப் பார்த்து விரலால் காதைத் தொட்டுக் காட்டுவார். அங்கே எந்த என்ஜினைக் கொண்டுவருவது? ஒரு மத்தியானம் கல்லூரியிலிருந்து மகள் வந்தாள். கட்டிலில் குனிந்து, அவர் இடது காதில் வாயை வைத்து, அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று இழுத்தாள். மூச்சு முடிந்ததும் விட்டு, மறுபடி. மேட்டில் ஏறுகிற வண்டி மாதிரி. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் கண்ணை மூடினார். அவர் போவதற்கு முன் அந்தக் கடைசி நாட்களில் தூங்கிய தூக்கமெல்லாம் அப்படித் தூங்கியதுதான்.

போன வாரம் அவருடைய வருஷத் திதிக்காக அவளை ஹாஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். கம்பளி அவளிடம்தான் இருக்கிறது. பஸ்ஸில் கூட்டம், டிரைவர் பக்கத்துச் சீட்டுதான் கிடைத்தது. அவள் கம்பளியை நான்காக மடித்து என்ஜின்மேல் போட்டாள். தலையைச் சாய்த்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். புலியின் கண்ணுக்குக் கீழே அந்தக் கறை அப்படியே இருந்தது. நான் வழக்கம்போலக் கண்ணாடியில் டிரைவரின் கண்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊர் வளைவு வந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தவன், என்னவோ தோன்றி, உள்ளங்கையால் அந்தத் தகரத்தை இரண்டு முறை தட்டினேன். விலுக்கென்று நிமிர்ந்தாள். கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே, அந்தக் கட்டைக் குரலில் கேட்டாள்.

"ஊரு வந்துருச்சா மாமா?"